நொடித்த மந்திரவாதியின் ஒன்பது கிழிசல்

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் நான் பெற்றது, ரெண்டு பேர் நாத்தனார் விட்டுவிட்டுப் போனது, ஒருத்தி தாயில்லாமல் எங்கள் வாசலில் வந்து நின்றவள். ஏழு பேருக்கும் சோறு போட்டது என் ஊசி. இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். எங்கள் சந்தில் இப்போது என்னைப் பற்றி ஒரு பேச்சு ஓடுகிறது. ‘மாட்டுங்காப் பையன் துணியை ஆச்சி கெடுத்துட்டா’ என்று. கெடுத்தேனா இல்லையா என்பதை நானே எழுதினால்தான் சரிப்படும். நான் ரெண்டாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவள். எழுத்து கோணும். தையல் கோணாது.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் எங்கள் சந்து. கீழே கடை, மேலே ஏணி வைத்த மாளாவில், அதாவது மச்சில், குடித்தனம். நான் செய்வது ரஃபு. கோட்டில் சிகரெட் சுட்ட ஓட்டை, பட்டுச் சேலையில் ஆணி இழுத்த கிழிசல், எலி கடித்த சால்வை, எல்லாம் மாட்டுங்கா, செம்பூர் லாண்டரிகளிலிருந்து எனக்கு வரும். அந்தத் துணியின் உள்மடிப்பிலிருந்தே நூலை உருவணும். கிழிசலின் ஓரத்தைச் சின்னக் கத்தரியால் சுத்தம் பண்ணணும். பாவு இழையை முதலில் ஓட்டி, ஊடை இழையை ஒன்று விட்டு ஒன்றில் ஏற்றி இறக்கி, தறியில் நெய்த மாதிரியே கொண்டு வரணும். முடிந்ததும் மருமகள் கையில் கொடுப்பேன். அவள் டியூப்லைட்டுக்கு நேரே பிடித்துத் தேடுவாள். ரஃபு போட்ட இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் நான் பிரித்து மறுபடி போடணும். கண்டுபிடிக்கவில்லை என்றால் அன்றைக்கு டீ அவள் போடணும். இருபத்தெட்டு வருஷமாக எங்கள் வீட்டில் டீ போடுவது அவள்தான்.

பக்கத்துக் கடையில் பாய் தோல் பட்டறை வைத்திருக்கிறார். அவருக்கும் ஊர் தென்காசிப் பக்கம்தான். ஒருநாள் காலையில் ஒரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“அக்கா, இதுல இந்தத் தோள்பட்டை ரெண்டையும் வச்சுத் தைக்கணும். தோலு நான் செஞ்சது. துணி மாட்டுங்காப் பையன் ஒருத்தன் குடுத்தது. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொல்லச் சொன்னான். புதன்கிழமை வருவான்.”

பையைப் பிரித்தால் கறுப்பு அங்கி. பாதிரியார் போடுகிற மாதிரி கணுக்கால் வரைக்கும் தொங்குகிறது. நல்ல கனமான கம்பளிக் கலப்புத் துணி. ஆனால் அதன் கோலத்தைப் பார்க்கணுமே! தோளிலிருந்து நெஞ்சு வரைக்கும் பிறாண்டல். இடது கை முழங்கை வரைக்கும் கருகல். முதுகில் மூன்று குத்து. ரெண்டு முட்டியிலும் ஓட்டை. கீழ் ஓரம் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே சாண் நீளத்துக்கு ஒரு கிழிசல். எண்ணினேன். ஒன்பது. நாய் குதறிய துணிகூட இதைவிட லட்சணமாக இருக்கும்.

‘வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்’ என்று பாய் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. விழவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கந்தல் துணிமேல் புதுத் தோலை வைத்துத் தைக்க என் கை எப்படி ஒத்துக்கொள்ளும்? என் கடையிலிருந்து ஓட்டையோடு ஒரு துணி வெளியே போனது இல்லை. பாவம், கேட்கக் கூச்சப்பட்டிருப்பான், நாமாகச் செய்து கொடுத்தால் வாயெல்லாம் பல்லாக நிற்பான் என்று நினைத்தேன். லாண்டரித் துணிகளை ஓரமாக வைத்துவிட்டு ஆறு நாள் அந்த அங்கியோடு உட்கார்ந்தேன். கருகல்களை எல்லாம் நறுக்கி எடுத்தேன். கருகின கைக்கு உள்மடிப்புத் துணியையே வெட்டி ஒட்டு வைத்து, ஒட்டுத் தெரியாமல் சுற்றிலும் இழை ஓட்டினேன். ஒன்பதையும் முடித்து, ஈரத்துணி போட்டு இஸ்திரி பண்ணி மருமகளிடம் கொடுத்தேன். முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“அத்தே, இது அந்தத் துணிதானா, இல்ல புதுசு வாங்கிட்டீயளா?” என்றாள். வயிற்றெரிச்சலோடு டீ போடப் போனாள்.

புதன்கிழமை அந்தப் பையன் வந்தான். கண்ணாடி போட்ட ஒல்லிப் பையன், இருபத்தஞ்சு வயது இருக்கும். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக ஆபீஸ் வேலை பார்க்கிற குடும்பம். பேச்சிலேயே தெரிந்தது. அங்கியை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். தோள்பட்டையைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் துணியைத் திருப்பினான். சிரிப்பு நின்றது. கையைத் தடவினான், முதுகைத் தடவினான், முட்டியைத் தடவினான்.

“பாட்டி, இதுல கிழிசல் எல்லாம் எங்கே?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொண்டேன்.

“தேடு, தேடு. என் மருமக முக்கால் மணி நேரம் தேடினா. உன்னால ஆகாது.”

“இல்லை பாட்டி, நிஜமாவே கேக்கறேன். எங்கே?”

“அதான் சொல்லுதேம்லா, கிடைக்காது. நூல் அந்தத் துணிநூலு. சாமியே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது.”

அவன் வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தான். சந்தோஷத்தில் மயக்கம் வந்துவிட்டது என்று நினைத்து மருமகளைத் தண்ணீர் கொண்டு வரச் சொன்னேன்.

“எட்டு மாசம் பாட்டி,” என்றான். “ஒவ்வொரு கிழிசலையும் எட்டு மாசமா நான் பண்ணினேன். நீங்க எல்லாத்தையும் மூடிட்டேள்.”

மருமகள் தண்ணீர்ச் செம்போடு நின்றாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அவள் அதற்காகத்தான் காத்திருந்திருப்பாள்.

விஷயம் இதுதான். போனிலும் டிவியிலும் விளையாடுகிற ஒரு விளையாட்டு. அதில் ஒரு நொடித்துப்போன மந்திரவாதி. அவன் உடுப்புதான் இந்த அங்கி. சனிக்கிழமை ஐரோலியில் ஒரு பெரிய ஹாலில் போட்டி. விளையாட்டில் வருகிற ஆட்களைப் போலவே வேஷம் கட்டிக்கொண்டு வரணும். படத்தில் இருக்கிற மாதிரியே இருக்கிறதா என்று ஜட்ஜ் இஞ்ச் இஞ்சாகப் பார்ப்பார்கள். முதல் ரெண்டு பேர் டெல்லிக்குப் பெரிய போட்டிக்குப் போவார்கள். போன ரெண்டு வருஷமும் இவனுக்கு நாலாவது இடம். இந்தத் தடவை டெல்லி நிச்சயம் என்று இருந்தான். சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

“உங்க அம்மா அப்பா இதுக்கு என்ன சொல்லுதாவ?” என்று கேட்டேன்.

“இதைத் தவிர மத்த எல்லாத்தையும் பத்திப் பேசறா,” என்றான்.

இத்தனை வருஷத்தில் ‘துணியைக் கெடுத்துட்டீயளே’ என்று ஒருத்தர் என்னைக் கேட்டதில்லை. இவனும் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ரெண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன்.

“எந்திரி,” என்றேன். “போட்டவ பிரிப்பா. சனிக்கிழமைக்குள்ள ஒன்பதும் இருக்கும்.”

பிரிக்க உட்கார்ந்தேன். அங்கேதான் முதல் அவமானம். ஏழு இடம் கிடைத்தது. முதுகில் ரெண்டு குத்து கிடைக்கவே இல்லை. டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தேன், வெயிலில் பிடித்துப் பார்த்தேன், கண்ணை மூடி விரலால் தடவிப் பார்த்தேன். என் வேலை என்னையே ஏமாற்றிவிட்டது.

“அத்தே, இன்னைக்கு டீ நீங்கதான் போடணும்,” என்றாள் மருமகள். போட்டேன். என்ன செய்ய!

ரெண்டாவது அவமானம், முதலில் ரெண்டு இடத்தைப் பிரித்துப் பார்த்தால் ஓரமெல்லாம் கத்தரித்துச் சுத்தமாக இருந்தது. நான்தான் கருகலை நறுக்கி எறிந்துவிட்டேனே. அவன் எட்டு மாசம் பட்ட பாடு என் கடைக் குப்பைக்கூடையில் போயிருந்தது. இனி புதிதாகக் கிழிக்கணும். கத்தரியை எடுத்தேன். துணியில் வைத்து அழுத்த வரவில்லை. தைக்கிற கை அது. கிழி என்றால் கிழிக்குமா?

“தம்பி, சும்மா கிழின்னா எனக்கு வராது. இது ஏன் கிழிஞ்சுது, யாரு கிழிச்சா, அதைச் சொல்லு. காரணம் சரியா இருந்தா கிழிக்கேன்.”

அப்படித்தான் வியாழக்கிழமை காலையில் அந்த மந்திரவாதியின் பூர்வோத்தரம் முழுவதையும் நான் கேட்டேன். மருமகளும் கேட்டாள். பாய் பட்டறையை விட்டுவிட்டு வந்து நின்று கேட்டார்.

அந்த உலகத்தில் ஆகாசம் முழுக்க இருட்டு. சூரியன்கள் ஏராளம். ஆனால் ஒவ்வொன்றாக அவிந்துகொண்டே வருகிறது. ஒவ்வொரு சூரியனுக்கும் பக்கத்தில் ஒரு ஊர் அளவுக்குப் பெரிய கப்பல் நிற்கும். அதில் ஒரு மந்திரவாதி இருப்பான். அவன் மந்திரம் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் அந்தச் சூரியன் எரியும்.

“சூரியனுக்கு எதுக்குப்பா ஆளு?”

“எல்லாத்துக்கும் வயசாயிடுத்து பாட்டி.”

“எனக்குந்தான் வயசாச்சு. எனக்கு யாரு மந்திரம் சொல்லுதா?”

“இடையில பேசாதீங்கக்கா,” என்றார் பாய். “கதை ஓடுதுல்லா.”

எல்லாரிலும் கெட்டிக்காரன் இந்த மந்திரவாதி. ஒரு நிமிஷம்கூட மந்திரத்தை விட்டதில்லை. இவன் சூரியனை நம்பிக் கோடி கோடி ஜனம். ஒருநாள் இவனுடைய நாலு வயது மகள் ஏறின சின்னக் கப்பல் வழி தப்பி இருட்டுக்குள் போய்விட்டது. மகளைத் தேட ஒரே ஒரு மணி நேரம் மந்திரத்தை நிறுத்திவிட்டு எழுந்து போனான். அந்த ஒரு மணி நேரத்தில் சூரியன் அவிந்தது. ஜனமெல்லாம் குளிரில் விறைத்துச் செத்தது. அந்தச் சூரியனின் சூட்டை நம்பித்தான் மகள் கப்பலும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் போனது. அன்றிலிருந்து உள்ளங்கையில் ஒரு பொறி நெருப்பை ஏந்திக்கொண்டு, செத்த உலகங்களின் வாசல் வாசலாகப் போய் ‘நெருப்பு வேணுமா’ என்று கேட்கிறானாம். வாங்க ஆள் இல்லை. விளையாடுகிறவர்கள் கடைசியில் அவனைக் கொல்லணும். அதுதான் விளையாட்டு.

“இவனையா கொல்லணும்?” என்றாள் மருமகள். “நீயும் கொன்னியா?”

“பதினாலு தடவை,” என்றான் தலையைக் குனிந்துகொண்டு.

எனக்கு வேறு ஒருத்தன் ஞாபகம் வந்தது. முன்னே எங்கள் சந்துக்குத் தண்ணீர் திறந்துவிட ஒரு வால்வுக்காரன் இருந்தான். காலையில் ஒரு மணி நேரம்தான் தண்ணீர். ஒருநாள் அவன் பிள்ளைக்கு வலிப்பு வந்து, வால்வைத் திறக்காமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டான். நாங்கள் குடத்தோடு நின்றோம். அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டினோம். என் குரல்தான் எல்லாரையும்விட உரக்கக் கேட்டது. பிள்ளை பிழைத்தது. ஆனால் அவன் அப்புறம் எங்கள் சந்துக்குள் வரும்போதெல்லாம் சுவரோரமாகவே நடப்பான். அது ஞாபகம் வந்ததும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன்.

“இவன் துணி கிழியத்தான் செய்யும்,” என்றேன். “வா, ஆரம்பிப்போம்.”

முதலில் தோளில் பிறாண்டல். செத்த உலகத்தின் வாசலில் காவல் இருக்கிற ஒரு மிருகம் பிறாண்டியதாம். அதற்குக் கத்தரி எதற்கு? எங்கள் கடை ஷட்டரின் இடது ஓரத்தில் தகடு ஒன்று பிய்ந்து நிற்கிறது. இந்தச் சந்தில் அது கிழிக்காத சேலை கிடையாது. மருமகள் அங்கியை அதில் மாட்டி, பல்லைக் கடித்து ஒரே இழுப்பாக இழுத்தாள். சரக் என்று வந்தது. அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

“இன்னொண்ணு இருக்கா?” என்றாள்.

முதுகில் மூன்று குத்து அவனுடைய சிஷ்யர்கள் செய்தது. அவனிடமே மந்திரம் படித்து, அவன் கையால் சாப்பிட்டு, சூரியன் அவிந்ததும் பின்னால் நின்று குத்திவிட்டுப் போனவர்கள். கேட்டதும் எனக்கு வந்த கோபத்தில் தயக்கம் போய்விட்டது. பாய் தோல் வெட்டுகிற கத்தியைக் கொண்டு வந்து கொடுத்தார். மூன்றையும் நானே குத்தினேன்.

“பாட்டி, மெதுவா. நீங்க அவா கட்சி மாதிரி குத்தறேள்,” என்றான் பையன்.

இடது கை, அவிகிற சூரியனுக்குள் விட்டுத் துழாவிய கை. என் கரி இஸ்திரிப் பெட்டியைத் திறந்து, நெருப்புக் கங்கு ஒன்றை இடுக்கியில் எடுத்து, கை நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் மெல்ல ஓட்டினோம். கம்பளி பொசுங்குகிற நாற்றத்தில் சந்தே வந்து எட்டிப் பார்த்தது. ‘யாரு முடியைக் கொளுத்துதா?’ என்று மேலேயிருந்து ஒருத்தி சத்தம் போட்டாள்.

கீழ் ஓரம் குளிரில் வெடித்தது. மும்பையில் குளிருக்கு எங்கே போக? கெட்டியாகக் கஞ்சி வடித்து அந்த ஓரத்தை முக்கி, மொட்டை வெயிலில் காயப்போட்டேன். அப்பளம் மாதிரி விறைத்தது. அதை மடக்கி, துவைக்கிற கல்லில் நாலு போடு போட்டதும் விண்டு விண்டு வந்தது. இதைத் தான் ஐஸ் பெட்டியில் வைத்துச் செய்து பார்த்துச் சரிவரவே இல்லை என்று பையன் சொன்னான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

முட்டி ரெண்டும்தான் பெரிய கூத்து. அவிந்த உலகத்தின் முன்னால் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்ட இடம். அவன் பிளேடை எடுத்தான். கையைப் பிடித்துக்கொண்டேன்.

“முட்டி கிழியாது தம்பி, தேயும். ஏழு பிள்ளைகளோட ஸ்கூல் கால்சட்டை பார்த்தவ சொல்லுதேன். அங்கியைப் போட்டுக்கிட்டு முட்டி போட்டு நட.”

“எங்கே?”

“இங்கேதான். சந்து முனை வரைக்கும் போயிட்டு வா.”

வெள்ளிக்கிழமை காலை. கறுப்பு அங்கி, தோல் தோள்பட்டை, கருகின கை. முட்டி போட்டுச் சந்தில் ஊர்ந்து போகிறான். பின்னாலேயே பிள்ளைகள் கூட்டம். முனையில் பிள்ளையார் கோயில். அங்கே பூக்கட்டுகிறவள் இவனைப் பார்த்து, ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டாள். ஓடிவந்து ஒரு குடம் தண்ணீரைத் தரையில் ஊற்றி, சூடம் கொளுத்தி, நெற்றியில் விபூதியும் பூசிவிட்டாள்.

“எதுக்கு நேர்ந்துக்கிட்டே ராசா?”

“டெல்லிக்குப் போறதுக்கு,” என்றான்.

“வேலையா? கிடைக்கும், கிடைக்கும். நல்லபடியாப் போயிட்டு வா.”

திரும்பி வந்தபோது முட்டி ரெண்டும் நூல் நூலாகத் தேய்ந்து, நடுவில் மட்டும் ஓட்டை விழுந்து, அச்சு அசலாக இருந்தது. அவன் முட்டியும் அப்படியேதான் இருந்தது. மருமகள் மஞ்சள் வைத்துவிட்டாள்.

எட்டு முடிந்தது. ஒன்று பாக்கி, இடுப்புக்குக் கீழே சாண் நீளக் கிழிசல்.

“இது?”

“அது குழந்தை பண்ணினது. மந்திரம் சொல்லிண்டே அவன் கிளம்பும்போது, போகாதேன்னு பிடிச்சு இழுத்துது. கிழிஞ்சுடுத்து. அப்படியே விட்டுட்டான், தைக்கலை.”

போனில் படத்தைக் காட்டினான். மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். எழுந்து அவன் பக்கத்தில் போய் நின்றேன். என் கையை அவன் இடுப்புக்குக் கீழே வைத்துப் பார்த்தேன்.

“எத்தனை வயசுப் பிள்ளை?”

“நாலு.”

“நாலு வயசுக்குக் கை இங்க எட்டாது. அதோட இவன் நடக்கான். நடக்கிறவன் பின்னால ஓடுற பிள்ளை முட்டிக்கிட்டதான் பிடிக்கும். பிடிச்சாலும் இந்தக் கம்பளி கிழியாது. பிள்ளைக்கு அம்புட்டு பலம் கிடையாது. துணி இழுபட்டு, நெசவு விலகி, ஒரு பிடி அளவுக்குச் சுருங்கிப் பை மாதிரி தொங்கும். படம் போட்டவனுக்குப் பிள்ளை இல்ல. சத்தியமா இல்ல.”

“ஆனா பாட்டி, ஜட்ஜ் படத்தை வெச்சுண்டுதான் பார்ப்பா.”

“மத்த எட்டும் படத்துல இருக்கிற மாதிரிதான் செஞ்சு குடுத்திருக்கேன். ஒன்பதாவதும் அப்படியே வேணும்னா இந்தா கத்தி, நீயே கிழிச்சுக்கோ. உன் துணி, உன் டெல்லி. என் கையால தப்பான இடத்துல கிழிக்க மாட்டேன்.”

இதில் நான் கொஞ்சம் வீம்புக்காரிதான். மருமகள் பின்னாலிருந்து என் முதுகில் கிள்ளினாள். பாய்கூட, “அக்கா, பிள்ளை டெல்லிக்குப் போகட்டுமே,” என்றார். நான் அசையவில்லை.

பையன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு போனையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தான். கத்தியை ஒரு தடவை துணியில்கூட வைத்தான். அந்த நேரம் பாயின் பேத்தி, அவளுக்கும் நாலு வயதுதான், தாத்தாவைத் தேடி வந்து அவர் கைலியைப் பிடித்துக்கொண்டு, “வூட்டுக்கு வா, வூட்டுக்கு வா” என்று இழுத்தாள். அவள் கை சரியாக அவர் முட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. வாயைத் திறக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பையன் கத்தியைக் கீழே வைத்தான்.

“கீழேயே வைங்கோ பாட்டி,” என்றான்.

அந்தச் சின்னவளுக்கு ஒரு உளுந்தவடை லஞ்சம். அங்கியில் முட்டிக்குப் பக்கத்தில் ஒரு இடத்தை ஈரமாக்கி அவள் கையில் கொடுத்து, “விடாதே, என்ன ஆனாலும் விடாதே” என்று சொல்லி, பையனை நடக்கச் சொன்னேன். அவள் விடவே இல்லை. வடை தீர்ந்த பிறகும் விடவில்லை. அவள் பிடி விழுந்த இடத்தில் அப்படியே கஞ்சி தொட்டு, சுருக்கம் கலையாமல் சூடு காட்டினேன். ஐந்து விரலும் தெரிந்தது. கடைசியாக, யாரும் பார்க்காத நேரத்தில் அந்த இடத்தில் இன்னும் ஒரு சின்ன வேலை செய்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சனிக்கிழமை நானும் என் பேத்தியும், இந்த மருமகளின் மகள்தான், சயானில் ரயில் ஏறி, தானேயில் மாறி, ஐரோலி போனோம். பேத்தி அங்கேதான் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறாள். ஹாலுக்குள் நுழைந்ததும் என் கண்ணை நானே நம்பவில்லை. கொம்பு வைத்தவன், வால் வைத்தவள், தலையில்லாதவன், எல்லாரும் வரிசையில் நின்று வடாபாவ் தின்கிறார்கள். செம்பூரிலிருந்து வந்த ஒருத்தன் உடம்பெல்லாம் தகரம் அடித்துக்கொண்டு உட்கார முடியாமல் சுவரில் சாத்தி வைத்த பீரோ மாதிரி நின்றான். இறக்கை வைத்த ஒருத்தி கக்கூஸ் கதவில் மாட்டிக்கொண்டு, நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். என்னைப் பார்த்து ஒரு பையன், “ஆஜி, நீங்க எந்த விளையாட்டுல வாறீங்க? மேக்கப் சூப்பர்” என்று ஹிந்தியில் கேட்டான். ஆஜி என்றால் இந்த ஊரில் பாட்டி. பேத்தி சிரித்த சிரிப்பை இன்னும் நான் மன்னிக்கவில்லை.

நம் மந்திரவாதி மேடை ஏறினான். உள்ளங்கையில் ஒரு சின்ன விளக்கு. ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை. மெதுவாக நடந்து, மேடை ஓரத்துக்கு வந்து, கையை நீட்டி, யாரும் வாங்காததால் திரும்பி நடந்தான். ஹால் சத்தம் அடங்கிப்போனது. எங்கள் ஷட்டரும் பாய் கத்தியும் கஞ்சியும் சேர்ந்து அங்கே மின்னிக்கொண்டிருந்தன.

ஜட்ஜ் மூன்று பேர். அதில் ஒருத்தி இளம்பெண். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து டிக் போட்டுக்கொண்டே வந்தாள். எட்டு டிக். ஒன்பதாவதில் நின்றாள். ‘படத்தில் இங்கே கிழிந்திருக்கிறது, உனக்கு இல்லையே’ என்று கேட்டாள். அவன் கீழே காட்டி ஏதோ சொன்னான். அவள் குத்தவைத்து உட்கார்ந்து, தன் விரல்களை அந்தச் சுருக்கத்துக்குள் வைத்துப் பார்த்தாள். கொள்ளவில்லை, சின்னப் பிடி அல்லவா. அப்புறம் எழுந்து போய் எழுதினாள்.

மூன்றாவது இடம். முதலிடம் அந்தத் தகரப் பீரோவுக்கு. டெல்லி இல்லை.

நான் விடுவேனா? பேத்தி கையை உதறிவிட்டு நேரே அந்த ஜட்ஜிடம் போனேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் கேட்டேன்.

“மார்க்கை எதுக்குக் குறைச்சே?”

“ஆஜி, படத்தில் அப்படி இல்லை.”

“படம் தப்பு.”

“எனக்கும் தெரியும் ஆஜி,” என்றாள். “எனக்கு வீட்டில் ஒரு பெண்குழந்தை இருக்கிறது. ஆனால் என் கையில் கொடுத்தது இந்தப் படம்தான்.”

அதற்கு மேல் சண்டை போடாமல் பையனைத் தேடிப் போனேன்.

பையன் ஹாலின் ஓரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். தோள்பட்டையைக் கழற்றி வைத்திருந்தான். கண் சிவந்திருந்தது. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உட்கார எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். முதல் தடவை கேட்காமல் கெடுத்தேன், இரண்டாம் தடவை வீம்பு பிடித்துக் கெடுத்தேனோ என்று நினைத்துக்கொண்டேன்.

“என் மேல கோவமா தம்பி?”

“இல்லை பாட்டி.” மூக்கை உறிஞ்சினான். “டெல்லி போயிருந்தா நன்னாயிருந்திருக்கும். அது நிஜம். ஆனா ஒண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. மேடையில திரும்பி நடந்தேனே, அப்போ ஒவ்வொரு அடிக்கும் கீழேருந்து யாரோ பிடிச்சு இழுத்த மாதிரியே இருந்துது. நிஜமாவே. எனக்கு நடக்கவே முடியலை. அந்த மந்திரவாதி எப்படிப் போனான்னே தெரியலை.”

அப்படியே விட்டிருக்கலாம். ஆனால் எனக்குப் பொய் நிற்காது.

“இழுக்கத்தான் செய்யும். அந்தச் சுருக்கம் நல்லாத் தொங்கணும்னு உள்ளே ஒரு இரும்பு நட்டு வச்சுத் தைச்சிருக்கேன். பாய் பட்டறை மெஷின்ல கழட்டினது. அவருக்கு இன்னும் தெரியாது. நேத்தையிலிருந்து மெஷின் ஆடுதுன்னு தேடிக்கிட்டு இருக்கார்.”

என் முகத்தையே பார்த்தான். அந்தச் சுருக்கத்தைத் தூக்கித் தடவினான். நட்டு கையில் அகப்பட்டது. சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தான். பக்கத்தில் நின்ற கொம்பு வைத்தவனும் காரணம் தெரியாமல் சேர்ந்து சிரித்தான்.

“பிரிச்சுத் தந்திரட்டுமா?” என்றேன்.

“வேண்டாம்,” என்றான். அந்தச் சுருக்கத்தை விரலால் மூடிப் பிடித்துக்கொண்டான். “அது இருக்கட்டும்.”

பாய்க்கு வேறு நட்டு வாங்கிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பையன் அந்த மந்திரவாதியோடு இப்போது விளையாடுவது இல்லையாம். பதினைந்தாவது தடவை கொல்ல மனது வரவில்லை என்று வந்து சொல்லிவிட்டுப் போனான். கெடுத்தேனா இல்லையா என்று சந்து இனிமேல் முடிவு பண்ணிக்கொள்ளட்டும்.

எழுதி முடித்தாயிற்று, பேத்தியைக் கூப்பிடுகிறேன். ஏட்டி, இங்க வா. அந்தப் போனைக் கீழே வை. இந்தா, இந்த நோட்டைப் பிடி. உனக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும்னு எனக்குத் தெரியும், எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நான் காலை நீட்டி உட்கார்ந்துக்கிடுதேன். முதல் வரியிலிருந்து சத்தமா வாசி, உங்க அம்மாவுக்கும் கேக்கட்டும்.